ஷிகெஹாருவின் அறைக்கு நான் ஜாமீன்

என் வீட்டு டிவியில் ஒரு வருஷமாகச் சத்தம் கிடையாது. படம் மட்டும் ஓடும். என் மகள் சிஸுரு நகோயாவிலிருந்து வரும்போதெல்லாம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை முறைப்பாள். "காது போயிடுச்சா, புத்தி போயிடுச்சா, ஏதாவது ஒண்ணச் சொல்லும்மா. ரெண்டுக்கும் டாக்டர் வேற வேற" என்பாள். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. யாராவது சுவரைத் தட்டினால் எனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதை அவளிடம் சொன்னால் அன்றைக்கே என்னை மூட்டை கட்டித் தன்னோடு அழைத்துப் போய்விடுவாள். அதனால் சொல்லவில்லை.

ஷிகெஹாரு என் புருஷன். இருபத்தாறு வருஷம் புருஷன், அதற்கப்புறம் பதிமூன்று வருஷம் ஒன்றுமில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு அடித்தார், வேறு ஒருத்தியிடம் போனார் என்று ஏதாவது இருந்திருந்தால் தெருவே என் பக்கம் பேசியிருக்கும். அவருக்கு வாய் கிடையாது. ஊமை இல்லை, பேச மாட்டார். டாக்சி ஓட்டினார். நாள் முழுக்க ஏறுகிறவர்களிடம் எங்கே போகணும், இங்கேதானே என்று கேட்டதிலேயே அவருடைய பேச்சு தீர்ந்துவிடும். வீட்டில் விரல் முட்டிதான் பேசும். மேசையில் இரண்டு தட்டு தட்டினால் டீ. மூன்று தட்டினால் 'இங்கே வா'. குளியலறையிலிருந்து மூன்று, மாடியிலிருந்து மூன்று. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். ஓடிப் போய் நின்றால் துண்டைக் கையால் காட்டுவார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன். அதற்கும் பதில் வராது. கூப்பிட்டால் என்ன, மிசாவோ என்று ஒரு பெயர் எனக்கும் உண்டு. என் அப்பா வைத்த பெயர். அதை அந்த மனுஷன் வாயிலிருந்து கேட்டது கல்யாணத்தன்றும் சிஸுரு பிறந்தன்றும்தான் என்று நினைக்கிறேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இனி பகலிலும் வீட்டிலேயே தட்டுவார் என்று புரிந்ததும், எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் துணிச்சல் வந்தது. பிரிந்துவிடலாம் என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். வீடு என் அப்பாவுடையது, ஆகவே கிளம்ப வேண்டியவர் அவர்தான். அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் ஊர் தகாவோகாவில் அறுபது வயதுத் தனி ஆளுக்கு யார் சும்மா அறை கொடுப்பார்கள்? அவர் போக வேண்டுமானால் ஓர் அறை வேண்டும். அறை வேண்டுமானால் ஒரு ஜாமீன் வேண்டும். அவருடைய அண்ணன் இறந்து பத்து வருஷம். கூட டாக்சி ஓட்டியவர்கள் 'ஜாமீன்' என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பைத் தேடினார்கள். உலகத்தில் அவருக்கு ஜாமீன் நிற்க என்னைத் தவிர ஆளில்லை.

கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துவதற்கு நகராட்சியில் பதிந்து வைத்த என் முத்திரையை எடுத்துக்கொண்டு நானே போனேன். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தொரத்துறவளே ஜாமீன் போடுறாளா, நல்லா இருக்கே" என்றாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அறைக்குச் சொந்தக்காரர் எசாகி அப்போதே முழங்கால் வலிக்காரர். பழைய மரக் குடியிருப்பு, மேலே மூன்று அறை, கீழே மூன்று. அவர் வேறு தெருவில் இருந்தார். காகிதங்களை என் பக்கம் நகர்த்தி, "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இது தானாப் புதுப்பிச்சுக்கும்மா. நீங்க திரும்ப வரவேண்டியதில்ல" என்றார்.

"ஜாமீன்னா நான் எதுக்கெல்லாம் பொறுப்பு?"

"அவருக்கு ஆகுற எல்லாத்துக்கும். சண்டை போட்டா உங்ககிட்டதான் வருவேன். காணாமப் போனா உங்ககிட்டதான் வருவேன். எங்கிட்ட ஒரு சாவி இருக்கு, ஆனா உங்க வாயால ஒரு வார்த்தை இல்லாம அந்தக் கதவைத் திறக்க மாட்டேன்."

சிவப்பு மையில் அழுத்திக் குத்தினேன். வட்டம் கொஞ்சம்கூடக் கலையாமல் விழுந்தது.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்றோம். அப்போதுதான் அந்த நிபந்தனையைப் போட்டேன். என் புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். "வருஷா வருஷம் புத்தாண்டுக்கு ஒரு அட்டை போடுங்க. உசுரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். அட்டை வரலேன்னா நான் வந்து கதவத் திறந்து பார்க்கணும். அந்த வேலை எனக்கு வேண்டாம்." அவர் தலையை ஆட்டினார். டிராம் வந்தது, ஏறிவிட்டேன்.

முதல் ஜனவரியில் வந்தது. முன்பக்கம் அந்த வருஷத்துக்கான ராசி விலங்கு, பின்பக்கம் ஒரே சொல்: இருக்கிறேன். மறு வருஷமும் அதே. ஒரு எழுத்து கூட்டினதில்லை, குறைத்ததில்லை. பதிலுக்கு நானும் ஒன்று போடுவேன். போடாவிட்டால் மரியாதை இல்லையே. நானும் ஒரே வரிதான் எழுதுவேன், தூரிகைப் பேனாவால், பெரிய எழுத்தில்: இந்த வருஷமும் என்னை அங்கே வர வைக்காதீங்க. கேலிதான். கேலி மாதிரிதான் எழுதினேன். அப்படிப் பதிமூன்று வருஷம் ஓடியது. அந்த அறைக்கு டிராமில் இருபத்தைந்து நிமிஷம்; ஒரு தடவைகூட நான் போகவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர் முப்பதாம் தேதி. நான் வேலை செய்கிற சலவைக் கடையில் கவுண்டர் நிறையக் கூட்டம். புத்தாண்டுக்குப் போட வேண்டிய கோட்டும் கிமோனோவும் இன்றைக்கே வேண்டும் என்று நிற்கிறார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். எசாகி கடைக்கே போன் போட்டார்.

"மிசாவோம்மா, உங்க ஆளு..."

"என் ஆளு இல்ல."

"சரி, உங்க ஜாமீன் ஆளு. பக்கத்து ரூம்ல நிமுரான்னு ஒரு பெரியவர் இருக்கார். நேத்துலேருந்து இவர் சுவத்தத் தட்டிட்டே இருக்காராம். அந்த மனுஷன் தாங்க முடியலன்னு எங்கிட்ட அழறார்."

அந்த மாதிரிக் குடியிருப்பில் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினால் ஒரே அர்த்தம்தான், உன் சத்தத்தைக் குறை. கதவு வரைக்கும் போய்ச் சண்டை போடுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது. "அவர் தட்டத்தான் செய்வார். இருபத்தாறு வருஷம் எங்கிட்ட தட்டினார். இப்ப நிமுராவோட முறை."

"போன் அடிச்சேன், எடுக்கல."

"எடுத்தா பேசணுமே."

எசாகியும் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "போய்ப் பார்க்கட்டுமா? பனி முழங்காலுக்கு நிக்குது, என் முழங்காலும் அப்படி. ஆனா நீங்க திறன்னா போய்த் திறக்கிறேன்" என்றார்.

எனக்கு முன்னால் ஒரு அம்மாள் ரசீதை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவளுடைய கோட்டைத் தேடிக்கொண்டே சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. "வேண்டாம். வருஷக் கடைசில கதவைத் திறந்துட்டுப் போய் நின்னா ஏப்ரல் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பார். நாளன்னைக்கு அட்டை வரும். வந்தா ஆள் நல்லா இருக்கார்னு அர்த்தம். வரலேன்னா நானே வர்றேன்."

"நீங்க சொன்னா சரி" என்றார் எசாகி.

ஒன்றாம் தேதி காலையில் அட்டை வந்தது. நான் தனியாக உட்கார்ந்து அரிசிக்கட்டி போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். தபால் வண்டியின் சத்தம் கேட்டதும் செருப்புக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். இதை ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்கும் உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்திருக்கிறது. வந்த தபால் கட்டில் நாலாவதாக அவர் அட்டை. இருக்கிறேன். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "கெழவனுக்குக் கொழுப்பு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு எசாகிக்குப் போன் போட்டேன்.

"அட்டை வந்துருச்சு. ஆள் இருக்கார். நான் ஜாமீன்."

அப்படித்தான் சொன்னேன்.

ஆறாம் தேதி எசாகி மறுபடி கூப்பிட்டார். புது வருஷத்தின் முதல் குப்பை நாள். பதிமூன்று வருஷத்தில் ஷிகெஹாருவின் பைதான் கம்பிக்கூண்டில் முதலில் இருக்குமாம். அன்றைக்கு இல்லை. "போலீசுக்குச் சொல்லிட்டேன். நீங்க வரணும்" என்றார். இந்தத் தடவை போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை.

டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அட்டை வந்ததே, ஒன்றாம் தேதிதானே வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி. அதன் இடது வாயின் மேல் 'புத்தாண்டு அட்டைகள்' என்று ஒட்டின தாள் இன்னும் கிழிபடாமல் இருந்தது. அந்த வாயில் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதிக்குள் போடுவதை எல்லாம் தபால்காரர்கள் சேர்த்து வைத்திருந்து ஒன்றாம் தேதி காலையில்தான் வீட்டில் போடுவார்கள். எங்கள் நாட்டில் மூன்று வயசுக் குழந்தைக்கும் இது தெரியும். என் அட்டைகளையும் நான் அப்படித்தான் போட்டேன். எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் 'இருக்கிறேன்' என்று எழுதியது கிறிஸ்துமஸுக்கு முன்னால். ஒன்றாம் தேதி அவர் இருந்தாரா என்று அந்த அட்டைக்கு எப்படித் தெரியும்.

எசாகி கைத்தடியோடு படிக்கட்டின் கீழே நின்றார். ஒரு இளம் கான்ஸ்டபிள், கையில் பலகையும் படிவமும். "இறந்... உள்ளே இருக்கிறவருக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டான். உறவு இல்லை என்றேன். பேனாவைத் தூக்கியபடியே பார்த்தான். "ஜாமீன்" என்றேன். அதையே எழுதிக்கொண்டான்.

கதவு கொஞ்சம்தான் திறந்தது. பிறகு எதன் மீதோ இடித்து நின்றது. கான்ஸ்டபிள் தோளால் மெதுவாகத் தள்ளினான், என்னை முன்னால் போகவிடவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. அந்த அறைகளில் கதவைத் திறந்ததுமே அடுப்படி. அங்கேதான் விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். போன் உள் அறையில் சார்ஜரில் இருந்தது. தலை நிமுராவின் சுவர் பக்கம், உடம்பு கதவை ஒட்டினாற்போல். வலது கை விரல் முட்டிகளில் தோல் இல்லை. பக்கத்தில் ஒரு கெண்டி, காலி. இடது கையில் ஒரு அட்டை.

நான் தலையைத் தூக்கினேன். வேறு எங்காவது பார்க்க வேண்டுமே என்று தூக்கினேன். அடுப்படிச் சுவரில், தரையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடத்தில், பதிமூன்று அட்டைகள் வரிசையாக ஊசி குத்தி வைத்திருந்தார். எல்லாம் என் எழுத்து. என்னை அங்கே வர வைக்காதீங்க. என்னை அங்கே வர வைக்காதீங்க. பதிமூன்று தடவை. நான் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன். எசாகி தன் கழுத்துத் துணியை எடுத்து என் தோளில் போட்டார். "நான் கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருக்கலாம்.

டாக்டரின் தாள் இரண்டு நாளில் வந்தது. இருபத்தொன்பதாம் தேதி விழுந்திருக்க வேண்டும். உயிர் போனது ஜனவரி இரண்டாம் தேதி இரவு. ஆக, நான் கவுண்டரில் கோட்டைத் தேடிக்கொண்டு வேண்டாம் என்று சொன்னபோது அவர் உயிரோடு இருந்தார். வாசலில் நின்று கொழுப்பு என்று சொன்னபோதும் இருந்தார். அட்டை பொய் சொல்லவில்லை. நான் கொடுத்த ஜாமீனும் பொய்யில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சிஸுரு வந்தாள், எரித்தோம், அஸ்தியை அவருடைய அண்ணன் பக்கத்தில் வைத்தோம். அழுதுவிட்டு, "நீ என்னம்மா பண்ணுவ, உனக்கு எப்படித் தெரியும்" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தட்டின கதையை அவளுக்கு நான் சொல்லவில்லை.

அறையைக் காலி செய்வது ஜாமீனின் வேலை. மாதக் கடைசியில் மூன்று நாள் போனேன். பொருள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. டாக்சி காலத்து வெள்ளைக் கையுறைகள் ஏழு ஜோடி, துவைத்து மடித்தவை. ஒரே ஒரு டீக் கோப்பை. கான்ஸ்டபிள் கொடுத்த உறையில் அவர் கையிலிருந்த அட்டை. அதை நான் பிரிக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் விழுந்தது, பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். கதவின் துளை வழியாக வந்து விழுந்தபோது அந்தத் தபால்காரனையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று ஆத்திரம் வந்தது. வாய் இருக்கிற மனுஷனாக இருந்தால் கூப்பிட்டிருப்பார். இப்படி அவர் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு தரையைத் துடைத்தேன். கோபம் இருக்கும்வரை கை வேலை செய்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் நிமுரா வந்து வாசலில் நின்றார். எண்பது வயதிருக்கும், காது கொஞ்சம் மந்தம், கையில் ஆரஞ்சுப் பழங்கள் ஒரு பை. பையை வைத்துவிட்டு தரை வரை குனிந்தார். நிமிரவே மாட்டேன் என்கிறார்.

"எழுந்திருங்க ஐயா. நீங்க என்ன பண்ணுனீங்க."

"டிவியக் கொறச்சேன்மா" என்றார். "எனக்குக் காது இப்படி, சத்தமாத்தான் வைப்பேன். இவர் தட்டினதும் கொறச்சேன். மறுபடி தட்டினார். இன்னும் கொறச்சேன். கடைசில சுத்தமா ஊமைப் படம். அப்பவும் தட்டினார். என்னடா மனுஷன் இவன், நான் மூச்சு விடுறதுகூடக் கேக்குதான்னு ஆத்திரத்துல எசாகிக்குப் போன் போட்டுட்டேன். கதவத் தட்டிக் கேட்டிருக்கலாம். பயம். சிரிச்ச மூஞ்சியா அது?"

"இல்ல" என்றேன். "எப்படித் தட்டினார்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடுப்படிச் சுவரில், தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், குனிந்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். மூன்று. கொஞ்ச நேரம் விட்டார். மறுபடி மூன்று.

என் கால்கள் தானாகவே இரண்டு எட்டு வைத்தன. அதன் பிறகுதான் நின்றேன். நிமுரா பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார்.

"எப்ப வரைக்கும் தட்டினார்?" கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். இரண்டாம் தேதி வரைக்கும் என்று சொல்வார், கை ஓய்கிற வரைக்கும் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"ஒண்ணாம் தேதி காலைல நின்னுருச்சும்மா. விடிஞ்சதுலேருந்து தட்டிட்டுத்தான் இருந்தார். பத்து மணி இருக்கும், தபால் வண்டி வந்துச்சு. என் கதவுல ரெண்டு அட்டை விழுந்துச்சு, இவர் கதவுல ஒண்ணு. டிவி ஊமையா இருந்துச்சா, கதவுத் தொளையோட மூடி அடிக்கிற சத்தம் எனக்குக்கூடக் கேட்டுச்சு. அதோட சரி. அப்புறம் தட்டவே இல்ல. எனக்கு ஒரே நிம்மதி. நல்ல நாளும் அதுவுமா யாரோ நல்ல சேதி போட்டிருக்காங்க, கோவம் எறங்கிடுச்சுன்னு நெனச்சு டிவிய மறுபடி சத்தமா வச்சேன்."

அவர் போன பிறகு உறையைப் பிரித்தேன். பதினாலாவது அட்டை. என் தூரிகை எழுத்து, நல்ல கறுப்பு, பெரிதாக, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். இந்த வருஷமும் என்னை அங்கே வர வைக்காதீங்க. ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் அழுந்தின இடம் பழுப்பாக இருந்தது. பத்து மணிக்கு விழுந்திருக்கிறது. உயிர் போனது மறுநாள் இரவு. நடுவில் ஒன்றரை நாள் அவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறார்.

அந்த முத்திரையை நகராட்சியில் கொடுத்துப் பதிவை நீக்கிவிட்டேன். டிவியை அன்றைக்கே ஊமையாக்கினேன். பேய் என்று ஒன்று இருந்தால் வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன். மேசையில், மாடியில், குளியலறையில், எங்கே வேண்டுமானாலும் மூன்று தட்டட்டும், அடுப்பு எரிந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவேன். ஒரு வருஷமாக ஒரு சத்தமும் இல்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்து என் பேச்சை ஒரு நாளும் கேட்காத மனுஷன், அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்.